முதலில் கை, அப்புறம் காது, கடைசியில் கண்: ஆளை உள்ளே இழுக்கிற கேம் செய்ய ஒரு வழிகாட்டி

புதிதாக கேம் செய்ய உட்காருபவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்தை இலவச 3டி மாடல்களை இறக்குவதிலேயே கழிக்கிறார்கள். புல், மரம், மேகம், ஏரித் தண்ணீரில் விழும் வெயில் என்று காட்சி பிரமாதமாக வந்துவிடும். நண்பர் ஒருவரிடம் கொடுத்தால் இரண்டு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு" என்று சொல்லி எழுந்துவிடுவார். அவருக்கு கேம் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவர் உள்ளேயே போகவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. லூக்காஸ் போப் தனியாளாகச் செய்து 2013-ல் வெளியிட்ட கேம். கிராபிக்ஸ் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. அழுக்கு நிறத்தில் கட்டம் கட்டமான படங்கள். நீங்கள் ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. குறுகலான மேஜையில் காகிதங்களை இழுத்துப் போட்டு, தேதியும் முத்திரையும் சரிதானா என்று ஒப்பிட்டு, முத்திரைக் கட்டையை இழுத்து 'டக்' என்று குத்த வேண்டும். சாயங்காலம் கூலியை எண்ணி, இன்று வீட்டுக்குச் சாப்பாடா, குளிருக்குக் கணப்பா என்று முடிவெடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் வரிசையில் நிற்பவர் மேல் எரிச்சல் வர ஆரம்பித்துவிடும். அந்தச் சாவடிக்குள் உங்களை உட்கார வைத்தது மேஜை, முத்திரைச் சத்தம், கூலிக் கணக்கு. படத்துக்கு அதில் சின்ன பங்குதான்.

நான் சொல்லப்போகும் முறை இதுதான். விளையாடுபவரை நாம் கையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டியதில்லை. கேமைத் திறக்கும்போதே அவர் உள்ளே போகத் தயாராகத்தான் இருக்கிறார். அவரை வெளியே தள்ளும் விஷயங்களை ஒவ்வொன்றாக அகற்றுவதுதான் நம் வேலை. எமிலி பிரவுன், பால் கெயர்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கேம் விளையாடுபவர்கள் ஏழு பேரிடம் விரிவாகப் பேசி 2004-ல் எழுதிய ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஈடுபாடு, அதில் ஊறிப்போவது, முழுக்க மூழ்குவது என மூன்று நிலைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தடை. தடை விலகினால்தான் அடுத்த நிலை; விலகினாலும் அது வந்தே தீரும் என்று இல்லை. ஆரம்பத் தடைகளில் ஒன்று கன்ட்ரோல் கைக்குப் பழகாமல் இருப்பது.

தொடங்கும் முன்: ஒரே ஓர் அறை போதும்

பெரிய உலகம் வேண்டாம். இரவு நேரம், வெளியே மழை, ஓர் அறை, ஒரு கதவு, ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு விளக்கு. சாவியைத் தேடி எடுத்து வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் கேம். கேம் செய்யும் மென்பொருளான கோடோ 4 இலவசம், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். நான் சொல்லும் பெயர்கள் அதில் உள்ளவை. யூனிட்டி பழக்கமென்றால் அதிலேயே செய்யுங்கள். விளையாடுபவர் கண் வழியாகப் பார்க்கும் கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள். அறை முழுக்க வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக இருக்கட்டும். படம் எதுவும் இப்போது வேண்டாம்.

படி 1: எந்த வகை ஈர்ப்பு என்று முடிவு செய்யுங்கள்

லாரா எர்மி, ஃபிரான்ஸ் மாயிரா என்ற ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2005-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: புலன் வழி வருவது, சவால் வழி வருவது, கற்பனை வழி வருவது. 1984-ல் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் கதையும் இல்லை, ஆளும் இல்லை. சவால் மட்டும்தான். ஆனாலும் பஸ்ஸில் ஸ்டாப்பைத் தவறவிட வைக்கும். 2023-ல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' இன்னொரு முனை. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா தந்த சமையல் குறிப்பேடு, அதில் அழிந்துபோன வரிகள். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நீங்களே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சவால் சின்னதுதான்; அந்தச் சமையலறைதான் ஆளைப் பிடித்து வைக்கிறது.

மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்க்காதீர்கள். நம் மழை அறைக்குப் புலன் வழிதான் பொருத்தம். அதை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பின்னால் "ஒரு பேயைச் சேர்த்தால் என்ன" என்று தோன்றும்போது உதவும்.

படி 2: கை

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் ஏதாவது நடப்பதற்கும் இடையே தாமதம் 100 மில்லிசெகண்டுக்குள் இருந்தால், 'நான் செய்தேன், நடந்தது' என்ற எண்ணம் வரும். அதைத் தாண்டத் தாண்ட, நாம் ஒரு பொம்மைக்கு உத்தரவு போடுகிறோம் என்பது உறைக்க ஆரம்பிக்கும். துப்பாக்கியால் சுடும் ஷூட்டர் மாதிரி வேகமான கேமுக்கு 100-ம் அதிகம்.

அளந்து பார்க்க வழி இருக்கிறது. போனில் ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 ஃப்ரேம், அதாவது 240 தனிப் படம், எடுக்கும் வசதி இருந்தால், விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து வீடியோ எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, பட்டன் கீழே போன ஃப்ரேமிலிருந்து திரை அசைந்த ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 4.2 மில்லிசெகண்ட். 20 ஃப்ரேம் வந்தால் 84. டிவியில் சோதிக்கிறீர்கள் என்றால் செட்டிங்கில் கேம் மோடை ஆன் செய்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். பல டிவிகளில் தாமதம் கணிசமாகக் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்போது குற்றம் உங்கள் கோடிங்கில் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

ஃப்ரேம் ரேட்டில் ஒரு விஷயம். விநாடிக்கு 60 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 30 என்றால் 33.3. அறுபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே ஊசலாடுவதைவிட முப்பதிலேயே அசையாமல் நிற்பது எவ்வளவோ மேல். மட்டமான போனில் பத்து நிமிடம் ஓடியதும் சூடாகி, போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் முதல் நிமிட வேகத்தை நம்பாதீர்கள், இருபதாவது நிமிடத்தில் பாருங்கள்.

அடுத்தது மன்னிப்பு. 2018-ல் வந்த 'செலஸ்ட்' மிகக் கடினமான மலையேறும் கேம். ஆனால் அதில் பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் சுமார் 0.1 விநாடிக்குள் ஜம்ப் அழுத்தினால் குதிக்க விடுவார்கள். விளையாடுபவருக்கு இது தெரியவே தெரியாது. 'சரியாகத்தான் அழுத்தினேன்' என்ற அவர் நம்பிக்கையை கேம் காப்பாற்றுகிறது. நம் அறையிலும் அதையே செய்யலாம். சாவியின் மேல் கர்சர் துல்லியமாக இருந்தால்தான் எடுக்க முடியும் என்று வைக்காதீர்கள். சாவியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்றை அதன் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வையுங்கள்.

கடைசியாக, செயலுக்கு எடை கொடுங்கள். 2001-ல் வந்த 'இக்கோ'வில் யோர்தா என்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டைக்குள் ஓட வேண்டும். பட்டனை ஒருமுறை தட்டினால் போதாது, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் கை விட்டுப்போகும். அவளை விட்டுவிடுவோமோ என்ற பயம் வசனத்தால் வரவில்லை, விரலிலிருந்து வருகிறது. 2013-ன் 'பிரதர்ஸ்' இன்னும் ஒருபடி மேலே போனது. அண்ணனுக்கு கன்ட்ரோலரின் இடது ஸ்டிக், தம்பிக்கு வலது. இரண்டு கையும் இரண்டு பேராகப் பழகிய பிறகு கடைசிப் பகுதியில் அதை வைத்து ஒன்று செய்வார்கள். விளையாடாதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். கேம் செய்ய ஆசைப்படுபவர் அதை ஒருமுறையாவது விளையாடிவிட வேண்டும்.

நம் கதவுக்கு இதையே பயன்படுத்துங்கள். 'ஈ' பட்டனைத் தட்டினால் கதவு தானாகத் திறப்பது வேண்டாம். பட்டனைப் பிடித்துக்கொண்டு மவுஸை இழுத்தால், இழுத்த அளவுக்கு மட்டும் திறக்கட்டும். ஒரு விரல் இடுக்கு அளவு திறந்து எட்டிப் பார்க்க முடியும் என்று தெரிந்ததும் விளையாடுபவர் மெதுவாகத் திறக்க ஆரம்பிப்பார். யாரும் சொல்லாமலே.

படி 3: காது

புதியவர்கள் சவுண்டைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். சாம்பல் பெட்டி அறைக்கு நல்ல சவுண்டு போட்டால் அது அறையாகிவிடும். நல்ல அறைக்குச் சவுண்டே போடாவிட்டால் அது படமாகவே நின்றுவிடும்.

முதலில் அமைதிக்கு ஒரு சவுண்டு வேண்டும். நிஜத்தில் எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பின் போனை மேஜையில் வைத்து இரண்டு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். ஃப்ரிட்ஜ் உறுமல், தூரத்து லாரி, ஃபேன். அதைச் சன்னமாக, தொடர்ந்து ஓடும்படி கீழே போடுங்கள்.

அப்புறம் காலடி. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் நாலாவது அடியிலேயே காது கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு தரைக்கும் ஐந்தாறு சத்தம் எடுத்து, கோடோவின் ஆடியோ ஸ்ட்ரீம் ரேண்டமைசரில் போட்டு, சுருதியும் சற்று மாறும்படி வையுங்கள். மேஜைக்கடியில் ஒரு பாயைப் போட்டு அங்கே மட்டும் சத்தத்தை மாற்றினால் தரைக்கு உயிர் வந்துவிடும். 1998-ல் வந்த 'தீஃப்' முழுக்க முழுக்க இதை நம்பி நிற்கும் கேம். திருடன் இரும்புத் தரையில் நடந்தால் காவலாளிக்குக் கேட்கும், கம்பளத்தில் நடந்தால் கேட்காது. கல் தரையை மெத்தென்று ஆக்கப் பாசி படரவைக்கும் அம்புகூட உண்டு. காலடிச் சத்தம் அங்கே அலங்காரம் கிடையாது, அதுதான் ஆபத்து.

கதவை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 'கிரீச்' என்று ஒரே ஃபைல் போட்டால் நாடகக் கதவாகிவிடும். நாலாகப் பிரியுங்கள்: கைப்பிடி திரும்பும் சத்தம், தாழ் விடுபடும் 'க்ளிக்', கீல், கடைசியில் சட்டத்தில் மோதும் சத்தம். கீல் சத்தத்தின் வேகத்தை மவுஸ் இழுக்கும் வேகத்தோடு கட்டிவிடுங்கள். மழைச் சத்தத்துக்குத் தனி ஆடியோ பஸ் (சத்தம் போகும் பாதை) ஒன்று வைத்து, அதில் கூர்மையான சத்தங்களை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர் போடுங்கள். கதவு மூடியிருக்கும்போது 800 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்டு மழை மங்கலாக, சுவருக்கு அந்தப் பக்கம் பெய்வதுபோலக் கேட்கும். கதவு திறக்கத் திறக்க அந்த வரம்பை ஏற்றுங்கள். ஒரு விரல் இடுக்கு திறந்ததும் மழை 'ஸ்ஸ்ஸ்' என்று உள்ளே வரும். இந்த ஒரு வேலைக்கு ஒரு சாயங்காலம் போகும், போகட்டும்.

ஹெட்போன் போட்டு விளையாடுவார்கள் என்று தெரிந்தால் இன்னும் தூரம் போகலாம். 2017-ல் வந்த 'ஹெல்பிளேடு'வில் நாயகி செனுவாவின் தலைக்குள் கேட்கும் குரல்களை, காது வைத்த பொம்மைத் தலை மைக்கைச் சுற்றி நடிகர்கள் நடந்து பேசிப் பதிவு செய்தார்கள். குரல் பின்கழுத்தில் ஊர்வதுபோல இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: சாதாரண புளூடூத் ஹெட்போனில் சத்தம் 100, 200 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். படி 2-ல் பட்ட பாடெல்லாம் வீண். சோதிக்கும்போது ஒயர் ஹெட்போனைக் கொடுங்கள்.

படி 4: விதி

விளையாடுபவர் உள்ளே வந்ததும் உங்கள் உலகத்தைச் சோதித்துப் பார்ப்பார். விளக்கை அணைப்பார், மேஜையைத் தள்ளுவார், பாட்டிலைத் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் பதில் வந்தால் நம்புவார். ஒரு பாட்டில் உடைந்து பக்கத்துப் பாட்டில் உடையாவிட்டால் அந்த நொடியே இது கேம் என்பது நினைவுக்கு வந்துவிடும்.

2017-ல் வந்த செல்டா வரிசையின் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' இதில் பெரிய பாடம். தீ வைத்தால் புல் எரியும். எரிந்தால் மேலே காற்று எழும்பும், அந்தக் காற்றில் பறக்கலாம். இடி மின்னலின்போது இரும்பு வாளை முதுகில் வைத்திருந்தால் பொறி பறந்து, கழற்றாவிட்டால் இடி தலையில் இறங்கும். மழையில் பாறை வழுக்கும். விதிகள் கொஞ்சம்தான், ஆனால் எங்கே போனாலும் அவையே செல்லும்.

நம்மால் அவ்வளவு செய்ய முடியாது. அதனால் எதிர்த்திசையில் போங்கள்: பதில் சொல்ல வைக்க முடியாத பொருளை அறையில் வைக்காதீர்கள். அலமாரியில் ஐம்பது புத்தகம் அடுக்கி ஒன்றைக்கூட எடுக்க முடியாமல் செய்வதைவிட, மேஜையில் ஒரே ஒரு நோட்டு, அதைப் புரட்ட முடியும் என்று வைப்பது மேல். திறக்காத கதவு இருந்தே ஆக வேண்டுமென்றால் கைப்பிடியாவது ஆடட்டும், உள்ளே தாழ் இடிக்கும் சத்தமாவது வரட்டும். நான் ஒரு லெவலைப் பார்த்தால் முதலில் கேட்பது, "இதில் எதையெல்லாம் எடுத்துவிடலாம்?" என்பதுதான். செய்தவருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

கதையும் விதிக்குள் அடங்க வேண்டும். 'சீக்கிரம் வா, தங்கை சாகக் கிடக்கிறாள்' என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் மீன் பிடிக்க விட்டால், விளையாடுபவர் தங்கையை மறந்துவிடுவார். அவசரம் என்றால் கடிகாரமும் நிஜமாக ஓட வேண்டும்.

படி 5: திரையில் எழுத்தைக் குறையுங்கள்

2008-ல் வந்த 'டெட் ஸ்பேஸ்' நாயகன் ஐசக்கின் உயிர் அளவை அவன் சூட்டின் முதுகெலும்பில் ஒளிரும் கோடாக வைத்தது. தோட்டா எண்ணிக்கை துப்பாக்கி மேலேயே தெரியும். பையைத் திறந்தாலும் கேம் நிற்காது, அரக்கன் வந்துகொண்டே இருப்பான். அதே ஆண்டு 'ஃபார் கிரை 2'-ல் வரைபடத்தைக் கையில் காகிதமாக விரித்துப் பார்க்க வேண்டும், அதுவும் ஜீப் ஓட்டிக்கொண்டே.

இதைப் பார்த்துவிட்டு எல்லா கேமிலும் மெனுவைக் கதைக்குள் ஒளித்து வைக்கக் கிளம்பியவர்கள் உண்டு. படிக்கக் கஷ்டமாக இருக்கும் மீட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொல்லைதான். மழை அறையில் நடுவில் ஒரு சின்னப் புள்ளி போதும். பொருளை நெருங்கினால் மட்டும் அது கொஞ்சம் பெரிதாகட்டும். 'சாவியைத் தேடு' என்ற அறிவிப்புகூட வேண்டாம். பூட்டிய கைப்பிடியே அதைச் சொல்லிவிடும்.

படி 6: இப்போது கண்

இவ்வளவு தூரம் வந்த பிறகு படம் போடலாம். கடைசியில் வந்ததால் வேலையும் குறைவு. விளக்கு ஒன்றே ஒளி தரட்டும். அது படாத இடம் இருட்டு, இருட்டுக்கு மாடல் தேவையில்லை. 1999-ல் 'சைலன்ட் ஹில்' செய்தவர்கள் முதல் பிளேஸ்டேஷனால் தூரத்துத் தெருக்களை வரைய முடியாததை மூடுபனியால் மறைத்தார்கள். அந்தப் பனியே அந்த ஊரின் முகமாகிவிட்டது. உங்கள் லேப்டாப்பால் எது முடியாதோ அதை முதலில் எழுதுங்கள். மறைக்க மழையும் இருட்டும் கையில் இருக்கின்றன.

இறக்கிய மாடல்களைக் கலக்கும்போது மட்டும் கவனம். தத்ரூபமான மேஜைக்குப் பக்கத்தில் கார்ட்டூன் நாற்காலி இருந்தால் இரண்டுமே பொய்யாகத் தெரியும்.

படி 7: குறுக்கே வருவதை வெட்டுங்கள்

லோடிங், விளம்பரம், 'இன்றைய பரிசு' பாப்-அப், நடுவில் கன்ட்ரோலைப் பிடுங்கிக்கொண்டு சினிமாபோல ஓடும் கட்சீன். போனில் இலவச கேம் விடுபவர்களுக்கு விளம்பரம் தவிர்க்க முடியாது, புரிகிறது. அறைக்குள் மட்டும் போடாதீர்கள். லெவல் முடிந்து மூச்சு விடும் இடத்தில் போடுங்கள். கட்சீனுக்கு மாற்று என்ன என்று தெரிய 1998-ன் 'ஹாஃப்-லைஃப்' ஆரம்பத்தைப் பாருங்கள். ஆராய்ச்சிக்கூடத்துக்குள் டிராம் போய்க்கொண்டே இருக்கும், அறிவிப்புகள் கேட்கும், நீங்கள் பெட்டிக்குள் நடந்து எந்த ஜன்னல் வழியாக வேண்டுமானாலும் பார்க்கலாம். கேமரா ஒருமுறைகூட உங்கள் கண்ணை விட்டுப் போகாது.

தலைசுற்றலும் ஒரு குறுக்கீடுதான். நடக்கும்போது கேமரா ஆடுவதை நிறுத்தவும், பார்வைக் கோணத்தை மாற்றவும், எழுத்தைப் பெரிதாக்கவும் முதல் திரையிலேயே வழி வையுங்கள். குமட்டலோடு யாரும் எதிலும் ஒன்ற முடியாது.

படி 8: பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளுங்கள்

கேம் செய்யத் தெரியாத ஒருவரைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரி ஜூனியர், யாராக இருந்தாலும் சரி. ஹெட்போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்காருங்கள். "அங்கே இல்லை, இடது பக்கம்" என்று ஒரு வார்த்தை வந்தாலும் அந்தச் சோதனை போச்சு.

திரையைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். நாற்காலியில் முன்னால் சாய்கிறாரா, கதவைத் திறக்கும்போது மூச்சைப் பிடிக்கிறாரா, கூப்பிட்டால் "ம்ம்" என்று மட்டும் சொல்கிறாரா என்று கவனியுங்கள். கை எந்த நொடியில் போன் பக்கம் போனது, எப்போது உங்களைத் திரும்பிப் பார்த்தார் என்பதைக் கடிகார நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பிப் பார்த்த இடத்தில்தான் ஏதோ அவரை வெளியே தள்ளியிருக்கிறது.

முடிந்ததும் "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எவ்வளவு நேரம் விளையாடினீங்க?" என்று கேளுங்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு "அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றால் நல்ல அறிகுறி. அப்புறம் அந்த அறையை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். பாய் எங்கே கிடந்தது, கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று யோசிக்காமல் வரைந்தால் அவர் அங்கே இருந்திருக்கிறார்.

குறித்து வைத்த இடங்களைச் சரி செய்யும்போது மேலே சொன்ன வரிசையிலேயே போங்கள்: கையில் கோளாறு இருக்கும்போது வெளிச்சத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த சோதனைக்கு அதே ஆளைக் கூப்பிட முடியாது. சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்கு இப்போது தெரியும்.